வீட்டுப் பேரேடுகளைப் படமாக்கும் காரைக்குடிச் சேவை: படம் நன்று, ஒப்பந்தம் திருத்தப்பட வேண்டும்

பர்மாவுக்கும் மலாயாவுக்கும் இலங்கைக்கும் கொண்டுவிக்க (வட்டித்தொழிலும் வாணிகமும் செய்ய) போன நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) குடும்பங்களின் வீடுகளில் இன்னும் திறக்காத பெட்டிகள் நிறைய இருக்கின்றன. பேரேடு, ஐந்தொகை (இருப்புநிலைக் கணக்கு), வட்டிச் சிட்டை, கம்பியில் குத்திய கடிதங்கள், மொய் ஏடு, சாதகக் கட்டு, பழுப்பேறிய புகைப்படங்கள் எல்லாம் ஒரே பெட்டியில் கலந்து கிடக்கும். இவற்றை வீட்டுக்கே வந்து படமெடுத்து, பட்டியல் எழுதி, விரும்பினால் இணையத்திலும் ஏற்றித் தரும் ஒரு சேவை காரைக்குடியில் இயங்குகிறது. தேவகோட்டை, பள்ளத்தூர், கானாடுகாத்தான், கோட்டையூர் வரை போய் வேலை செய்கிறார்கள். பெயரை இங்கே எழுதவில்லை. இதே வேலையை எடுத்துச் செய்ய வேறு சிலரும் வருகிறார்கள். யாரிடமும் கேட்க வேண்டிய கேள்விகள்தான் இந்த மதிப்புரையின் நோக்கம்.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். கேமரா வேலைக்கு நம்பி அழைக்கலாம். அவர்கள் நீட்டும் ஒப்பந்தத்தாளில் மட்டும் அப்படியே கையெழுத்துப் போடாதீர்கள்.

படமெடுக்கும் முறை

தாளை உருளை இழுத்துக்கொள்ளும் ஆபீஸ் ஸ்கேனரை இவர்கள் வீட்டுக்குள் கொண்டுவருவதே இல்லை. இது நல்ல அடையாளம். 80, 100 வயதுத் தாள் உருளைக்குள் போனால் ஓரம் நொறுங்கும். இரண்டு பலகைகளை ‘வி’ வடிவில் 100 முதல் 120 பாகைத் திறப்பில் பொருத்திய தொட்டிலில் ஏட்டைக் கிடத்தி, மேலிருந்து 24 மெகாபிக்சல் கேமராவால் எடுக்கிறார்கள். ஏட்டை 180 பாகைக்கு மல்லாத்தினால் முதுகுத் தையல் விட்டுப்போகும். தொட்டிலில் அந்தப் பயம் இல்லை.

தெளிவுக்கான கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். 24 மெகாபிக்சல் படம் 6000-க்கு 4000 புள்ளி. ஒன்றரை அடி நீளப் பேரேட்டின் ஒரு பக்கத்தைச் சட்டகம் நிறைய எடுத்தால் 6000-ஐ 18 அங்குலத்தால் வகுக்க வேண்டும். அங்குலத்துக்கு 333 புள்ளி கிடைக்கும். கையெழுத்துக்கு 300 இருந்தால் போதும், 400 இருந்தால் நிம்மதி. நேரம் மிச்சமாகும் என்று இரண்டு பக்கத்தையும் ஒரே படத்தில் அடக்கினால் இந்த எண் சரிந்து, பென்சில் குறிப்புகள் மங்கிப்போகும். கடிதங்களுக்கும் சிறிய புகைப்படங்களுக்கும் 600 கேளுங்கள். அவர்களிடம் படுக்கை ஸ்கேனரும் இருக்கிறது.

விளக்கு இரண்டு, இருபுறமும் 45 பாகைச் சாய்வில். வளவுத் திண்ணையில் காற்று வரும், அங்கேயே எடுக்கலாம் என்று வீட்டார் சொல்வது வழக்கம். அது வேண்டாம். முற்றத்து வெயில் மணிக்கு மணி மாறும். பகல் ஒளியும் விளக்கொளியும் கலந்து ஒரே ஏட்டின் தாள்கள் நான்கு நிறத்தில் வரும். சன்னல் சாத்திய உள்ளறைதான் சரி. ஒவ்வொரு ஏட்டின் முதல் படத்திலும் நிற அட்டையும் சென்டிமீட்டர் அளவுகோலும் வைக்கிறார்கள். பின்னாளில் மையின் நிறத்தைச் சரிபார்க்க அந்த ஒரு படம்தான் ஆதாரம்.

வலப்பக்கங்களை எல்லாம் ஒரே ஓட்டமாக எடுத்துவிட்டு, பிறகு இடப்பக்கங்களை எடுத்து, மென்பொருளில் ஒன்றுவிட்டு ஒன்று கோக்கிறார்கள். வேகமான முறைதான், ஆனால் இங்கேதான் தவறு நுழையும். ஏதோ ஓரிடத்தில் இரண்டு தாள் ஒட்டிப் புரண்டுவிட்டால், அதற்குப் பின் வரும் பக்கமெல்லாம் ஒன்று தள்ளிப் போகும். வரவு ஒரு மாதத்தையும் பற்று வேறொரு மாதத்தையும் காட்டும். 50 தாளுக்கு ஒருமுறை இரண்டு ஓட்டத்தின் எண்களையும் ஒப்பிடச் சொல்லுங்கள். கேட்டால் செய்கிறார்கள், கேட்காவிட்டால் விட்டுவிடுகிறார்கள்.

வெற்றுப் பக்கங்களைத் தாண்டிப் போகும் வழக்கத்தையும் நிறுத்த வேண்டும். வெற்றுப் பக்கமும் படத்தில் இருந்தால்தான் இடையில் தாள் எதுவும் கிழிக்கப்படவில்லை என்று பின்னால் வருகிறவருக்குத் தெரியும். அட்டை, உள்ளட்டை, முதுகு, ஏட்டுக்குள் செருகிய துண்டுச்சீட்டு எல்லாம் வேண்டும். துண்டுச்சீட்டை முதலில் இருந்த இடத்திலேயே வைத்து ஒரு படம், பிறகு வெளியே எடுத்து இருபுறமும் தனித்தனிப் படம்.

கம்பியில் குத்திய கடிதங்களில் இவர்கள் காட்டும் பொறுமை உண்மையிலேயே பாராட்டத்தக்கது. துருப்பிடித்த கம்பியிலிருந்து கடிதத்தை இழுத்தால் நடுத்துளை கிழிந்து நான்கைந்து எழுத்து போய்விடும். மேல்நுனிக் கொக்கியை நறுக்கி, ஒவ்வொரு கடிதமாக நேர்மேலே தூக்கி, இருந்த வரிசைக்கு மெல்லிய பென்சிலில் மூலையில் எண் போடுகிறார்கள். அந்த வரிசையும் ஒரு தகவல்தான்: எந்தக் கடிதத்துக்குப் பின் எது வந்து சேர்ந்தது என்பதைக் கம்பி சொல்லும். துருப்பிடித்த குண்டூசிகளை எடுத்துவிடலாம். மீண்டும் ஊசி குத்தக் கூடாது, பருத்தி நாடா போதும்.

வீட்டார் முன்கூட்டிச் செய்யும் ‘சுத்தம்’தான் பெரிய சேதம். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து ஏட்டை வெயிலில் காயவைத்தால் தாள் மொறுமொறுத்து மை வெளுக்கும். கிழிசலுக்கு செல்லோடேப் ஒட்டினால் சில வருடத்தில் பசை பழுத்து எழுத்தோடு உரிந்துவரும். லேமினேட் செய்த கடிதத்தைத் திரும்பப் பெறவே முடியாது. மென்மையான தூரிகையால் முதுகிலிருந்து ஓரம் நோக்கித் துடைப்பதோடு நிறுத்துங்கள். பூஞ்சணம் பிடித்த கட்டுகளைத் தனி அறையில், முகக்கவசத்தோடு திறக்க வேண்டும்.

கையில் வந்து சேரும் கோப்புகள்

வேலை முடிந்ததும் ஒரு பென்டிரைவில் ஜேபெக் படங்கள் தருகிறார்கள். மூலப்படமான டிஃப் கோப்புகளைத் தங்களிடமே வைத்துக்கொள்கிறார்கள். இது ஏற்கத்தக்கதல்ல. ஜேபெக் என்பது பார்வைப் பிரதி. ஒவ்வொரு முறை திருத்திச் சேமிக்கும்போதும் கொஞ்சம் இழக்கும். காசு கொடுப்பது மூலப்படத்துக்கு.

அதற்கு இடம் எவ்வளவு ஆகும் என்று தெரிந்துகொண்டு கேளுங்கள். 6000-க்கு 4000 புள்ளிப் படம், நிறத்தோடு, சுருக்கமில்லாமல் 72 மெகாபைட். 400 பக்கப் பேரேடு ஒன்று ஏறத்தாழ 29 ஜிகாபைட். ஒரு டெராபைட் வட்டில் இப்படி 34 பேரேடு அடங்கும். ஆகவே பென்டிரைவ் எதற்கும் உதவாது. இரண்டு ஹார்ட் டிஸ்க் வாங்கிக் கொடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று வேறு ஊரில் இருக்கும் பங்காளியிடம், மூன்றாவது பிரதி மேகச் சேமிப்பிலோ ஒரு நூலகத்திலோ. எல்லாப் பிரதியையும் கானாடுகாத்தான் வீட்டின் ஒரே அலமாரியில் வைத்தால் ஒரே மழைக்கசிவில் எல்லாம் போகும்.

கோப்புப் பெயர்களைத் தமிழில் வைக்கிறோம் என்று பெருமையாகச் சொல்வார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் பழைய மென்பொருளும் சில சேமிப்புக் கருவிகளும் தமிழ்ப் பெயரைக் கட்டம் கட்டமாக உடைத்துவிடும். பெட்டி எண், ஏட்டு எண், படவரிசை எண் என்று 02-017-0143 போல இலக்கமாக மட்டும் வையுங்கள். தமிழ் பட்டியலில் இருக்கட்டும். ஒவ்வொரு கோப்புக்கும் எஸ்எச்ஏ-256 சரிபார்ப்பு எண் எடுத்து ஒரு உரைக் கோப்பாகத் தரச் சொல்லுங்கள். கணினிக்கு அரைநாள் வேலை. ஆறு ஆண்டு கழித்து வட்டு பழுதாகி ஏதேனும் படம் கெட்டிருந்தால், எது கெட்டது என்று அந்தப் பட்டியல் காட்டிக்கொடுக்கும்.

பட்டியல்

இந்தச் சேவையின் பலவீனம் இங்கே தொடங்குகிறது. கட்டணம் படக் கணக்கில் வாங்கப்படுவதால் கேமரா வேகமாக ஓடுகிறது, பட்டியல் பின்தங்குகிறது. ‘பழைய கணக்கு நோட்டு, தமிழ்’ என்ற ஒற்றை வரியோடு ஒரு பேரேடு முடிந்துவிடுகிறது. அந்த வரியை வைத்து யாரும் எதையும் தேடிக் கண்டுபிடிக்க முடியாது. தேடிக் கிடைக்காத ஆவணம் படமாகியும் பயனில்லை. கட்டணத்தில் பாதியைப் பட்டியல் சரிபார்த்த பிறகு கொடுப்பதாகப் பேசிக்கொள்வது நல்லது.

ஒரு ஏட்டுக்குக் குறைந்தது இவ்வளவாவது வேண்டும்: விலாசம் (முகவரி அல்ல, கடையின் தலைப்பெழுத்துப் பெயர்), கடை இருந்த ஊர், அதை நடத்திய மேலாளின் (முகவரின்) பெயர், முதல் பதிவும் கடைசிப் பதிவும் எந்த நாள், என்ன வகை ஏடு, எத்தனை படம், என்ன சேதம். விலாசம் இல்லாத நகரத்தார் கணக்கு அனாதை. ஊர்ப்பெயரை ஏட்டில் உள்ளபடி ‘மோல்மேன்’ என்று எழுதி, பக்கத்தில் இன்றைய பெயரான மாவ்லமியைனையும் எழுத வேண்டும். இரண்டில் எதைத் தேடினாலும் கிடைக்க வேண்டும்.

ஆண்டில் கவனம் மிக அவசியம். ஏடுகள் அறுபதாண்டுச் சுற்றுப் பெயரில்தான் இருக்கும். பிரமோதூத என்றால் 1870-71 ஆகலாம், 1930-31 ஆகலாம், 1990-91-உம் ஆகலாம். பட்டியல் போடுகிற இளைஞர்கள் கைபேசியில் தேடி முதலில் வருவதை எழுதிவிடுகிறார்கள். ஒட்டிய வருவாய் முத்திரையில் இருப்பது விக்டோரியாவா ஐந்தாம் ஜார்ஜா, உறையின் அஞ்சல் முத்திரை, ஆங்கில வங்கிச் சீட்டின் தேதி ஆகியவற்றோடு ஒத்துப்பார்த்தே எழுத வேண்டும். உறுதியாகாவிட்டால் தமிழ் ஆண்டை மட்டும் எழுதி விட்டுவிடுவது மேல்.

‘தேடக்கூடிய உரையாகவும் தருவோம்’ என்ற வாக்குறுதிக்குத் தனிப்பணம் கேட்கிறார்கள். அச்சு நூல்களுக்கு எழுத்துணரி (படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருள்) ஓரளவு உழைக்கிறது. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சில் ணை, லை, னை, றா, னா போன்ற பழைய வடிவங்கள் வருவதால் அங்கே திருத்தம் அதிகம். பேரேட்டுக் கையெழுத்துக்கோ அது எடுபடவே இல்லை. ௧ என்பதும் க என்பதும், ௨-உம் உ-வும், ௭-உம் எ-வும், ௮-உம் அ-வும் உருவில் ஒன்றுபோலவே இருக்கும். பத்து, நூறு, ஆயிரத்துக்கான ௰, ௱, ௲ இடையில் வரும். பற்று, வரவு, மேற்படி, ரூபாய்க்கான ௶, ௷, ௸, ௹ குறிகள் வரும். புள்ளி வைக்காத மெய்யெழுத்துகள் வரும். இப்போது செயற்கை நுண்ணறிவு படித்துத் தரும் என்கிறார்கள். தெரியாத இடத்தில் அது தயங்கி நிற்பதில்லை. இருநூறை இருபதாக்கி, அழகான வாக்கியத்தில் தந்துவிடும். கடன் கணக்கில் அது ஒரு குடும்பத்தின் வரலாற்றையே மாற்றி எழுதுவதாகும். இந்தப் பணத்தைப் பழைய கணக்கு படிக்கத் தெரிந்த பெரியவர் ஒருவரை அமர்த்தி, பெயர், ஊர், படவரிசை எண் என்று கைப்பட அட்டவணை எழுதுவதற்குச் செலவிடுங்கள். அப்படிப் படிக்கத் தெரிந்தவர்கள் குறைந்துகொண்டே போகிறார்கள் என்பதால் இது படமெடுப்பதைவிட அவசரம்.

இன்னொன்றும் மனத்தை உறுத்துகிறது. ஆச்சிகள் எழுதிய கடிதங்கள் கட்டுக்கட்டாக இருந்தாலும் பட்டியலில் அவை கணவர் விலாசத்தின் கீழ் ‘பலவகை’ என்றே போகின்றன. கணவர் ரங்கூனில் இருந்த மூன்று ஆண்டும் கட்டட வேலையையும் நெல் வரவையும் பெண்ணின் கல்யாணத்தையும் நடத்தியது யார் என்பதற்கு அந்தக் கடிதங்களே சாட்சி. எழுதியவர் என்ற கட்டத்தில் ஆச்சியின் பெயர் வர வேண்டும்.

ஒப்பந்தத்தாள்

இந்த ஆவணங்களை எல்லோரும் படிக்கத் திறந்து வைக்க வேண்டும் என்பதில் எங்களுக்கு ஐயமே இல்லை. கோட்டையூரில் ரோஜா முத்தையா சேர்த்து வைத்த நூல்களும் இதழ்களும் அவர் 1992-இல் மறைந்த பின் சிதறியிருந்தால் இன்றைய தமிழ் ஆய்வில் பாதி நடந்திருக்காது. சிகாகோ பல்கலைக்கழகம் வாங்கியும் அவை தமிழ்நாட்டைவிட்டுப் போகாமல் 1994-இல் சென்னையில் நூலகமானதால்தான் யாரும் போய்ப் படிக்க முடிகிறது. காரைக்குடி ஏ.வி. மெய்யப்பன் தம்மிடம் இருந்த பாரதி பாடல்களின் உரிமையை 1949-இல் அரசிடம் விட்டுக்கொடுத்ததும் இந்த மண்ணின் வழக்கத்தில் சேர்ந்ததுதான்.

பேரேடுகள் இங்குள்ள குடும்பத்துக்கு மட்டும் சொந்தமான சரித்திரமும் அல்ல. 1929-30 பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு, அங்கே ஏறத்தாழ 1,650 நகரத்தார் கடைகள் இருந்ததாகக் கணக்கிட்டது. கீழ் பர்மாவின் 13 முக்கிய நெல் மாவட்டங்களில் 1930-இல் அவர்கள் வசம் இருந்த நிலம் 6 சதவீதம். விலைவீழ்ச்சியில் கடன் திரும்பாமல் போக, 1938-இல் அது 25 சதவீதம். நிலத்தை இழந்த பர்மிய விவசாயியின் பேரப்பிள்ளைக்குத் தன் குடும்பக் கதையின் ஒரு பாதி செட்டிநாட்டுப் பெட்டகத்தில், படிக்க முடியாத எழுத்தில் கிடக்கிறது. அவருக்கும் அதைக் கேட்கும் உரிமை உண்டு. கடையில் பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து உழைத்தவரின் சந்ததிக்கும் உண்டு.

இப்படி நினைப்பதால்தான் இந்தச் சேவையின் ஒப்பந்தத்தாள் கவலை தருகிறது. அது எல்லாவற்றையும் ஒரே தட்டில் வைத்து, ‘இணையத்தில் வெளியிட இசைகிறேன்’ என்று ஒற்றைக் கட்டத்தில் டிக் கேட்கிறது. ஒரு பெட்டியில் இருப்பவை ஒரே தன்மையானவை அல்ல.

கோயில் திருப்பணிக் கணக்கு, நகரத்தார் விடுதிச் செலவு, பள்ளிக்கூட நன்கொடை, பர்மாத் தேக்கும் ஆத்தங்குடிக் கல்லும் என்ன விலை, கல்யாணத்துக்கு எத்தனை மூட்டை அரிசி போன்றவற்றை இன்றே திறந்துவிடலாம். கடன் பேரேடு அப்படியல்ல. கடைசிப் பதிவிலிருந்து ஆண்டு எண்ணிப் பார்க்க வேண்டும். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வீட்டுத்தாள்களை 100 ஆண்டு மூடி வைக்கிறார்கள். 1921 கணக்கு 2022 ஜனவரியில்தான் வெளியானது. அதே அளவுகோலை இங்கும் வைத்துக்கொள்ளலாம். நூறு ஆண்டு ஆகாதவற்றை, ஆய்வாளர் எழுதிக் கேட்டால் நேரில் காட்டலாம், பெயரை வெளியிடாமல் பயன்படுத்தச் சொல்லலாம்.

சாதகம், பிள்ளை கூட்டிய (தத்தெடுத்த) பேச்சுக் கடிதம், பாகப்பிரிவினை, நோய் பற்றிய கடிதம், இசைகுடிமானம் (திருமண ஒப்பந்தச் சீட்டு) ஆகியவற்றில் வருகிறவர்களில் உயிரோடு இருப்பவர் யாரேனும் உண்டா என்று முதலில் பார்க்க வேண்டும். பிள்ளை கூட்டுவது இங்கே ஊரறிந்த வழக்கம்தான். ஆனால் எந்த வீட்டில் என்ன சூழ்நிலையில் யார் மனம் வருந்திக் கொடுத்தார் என்பது ஊருக்கு உரியதல்ல. நிலப்பத்திரம், பட்டா, கையெழுத்து மாதிரி, கைநாட்டு உள்ள தாள்களை இணையத்தில் ஏற்றவே கூடாது. போலிப் பத்திரம் தயாரிப்பவருக்கு அதைவிட நல்ல உதவி வேண்டியதில்லை.

கடிதங்களில் சாதியைச் சொல்லி இழிவாக எழுதிய வரிகள் வரும். அவற்றை மறைப்பதோ அழிப்பதோ பொய். படம் அப்படியே இருக்கட்டும்; பட்டியலின் விவரத்தில் அந்தச் சொல்லைத் திரும்ப எழுதாமல், உள்ளே என்ன இருக்கிறது என்று ஒரு குறிப்புப் போட்டால் போதும்.

காப்புரிமையில் ஒப்பந்தம் சொல்வது பெரிதும் தவறு. ‘எடுக்கப்பட்ட படங்களின் காப்புரிமை எங்களுடையது’ என்று ஒரு விதி இருக்கிறது, ஒவ்வொரு படத்திலும் நடுவே முத்திரை எழுத்தும் (வாட்டர்மார்க்) விழுகிறது. வெறும் உழைப்பு போதாது, குறைந்த அளவேனும் படைப்பாற்றல் இருந்தால்தான் காப்புரிமை என்று உச்ச நீதிமன்றம் 2007 டிசம்பரில் ஈஸ்டர்ன் புக் கம்பெனி வழக்கில் சொல்லியிருக்கிறது. ஏட்டை உள்ளது உள்ளபடி எடுத்த படத்துக்கு அந்த அளவுகோலில் உரிமை கேட்பது கடினம். உழைப்புக்குக் கூலி வாங்கியாயிற்று. பட்டியலில் ‘படம் எடுத்தவர்’ என்று பெயர் போடலாம். நடுவே விழும் முத்திரை அணா, பைசாக் கணக்கை மறைக்கிறது. அது கட்டாயம் போக வேண்டும்.

குடும்பத்தாரும் ஒன்றை அறிய வேண்டும். கடிதம் வந்த வீட்டுக்குச் சொந்தம் தாள் மட்டும். எழுத்தின் உரிமை எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும் உரியது. இந்தியச் சட்டப்படி ஆசிரியர் இறந்த மறு ஆண்டுத் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டு. சிறுகூடல்பட்டியில் பிறந்த கண்ணதாசன் 1981-இல் மறைந்தார். அவர் எழுத்துக்கு 2041 முடியும்வரை உரிமை உண்டு. வாழ்நாளில் அச்சேறாத எழுத்துக்குக் கணக்கு வேறு: எப்போது முதலில் வெளியாகிறதோ அதன் மறு ஆண்டிலிருந்து 60 ஆண்டு. ஆகவே 1925-இல் எழுதிய கடிதமாயிற்றே என்று மட்டும் நினைத்து வெளியிட்டுவிட முடியாது. புகழ்பெற்ற ஒருவர் உங்கள் ஐயாவுக்கு எழுதிய கடிதம் பெட்டியில் இருந்தால், எழுதியவர் குடும்பத்திடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

‘மென்பொருள் மேம்பாட்டுக்குப் படங்களைப் பயன்படுத்தலாம்’ என்று ஒரு வரி சிறிய எழுத்தில் இருக்கிறது. கணினிக்குத் தமிழ்க் கையெழுத்தைப் படிக்கக் கற்றுக்கொடுக்கத்தான் அது என்று கேட்டபோது சொல்கிறார்கள். நோக்கம் தேவையானதே, பழைய கையெழுத்து மாதிரிகள் இல்லாமல் அந்தக் கருவி தமிழுக்கு வராது. ஆனால் அதைத் தனிக் கட்டமாகக் கேட்க வேண்டும். இன்றே திறக்கலாம் என்று பிரித்தவற்றிலிருந்து மட்டும் எடுக்க வேண்டும். விளைந்த கருவியும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். ஆச்சியின் கடிதத்தைப் பயிற்சிக்கு எடுத்துவிட்டு, அதே வீட்டாரிடம் கருவிக்குக் காசு கேட்பது முறையல்ல.

கையெழுத்துப் போடுவது யார் என்பதும் ஒரு சிக்கல். சாவி வைத்திருப்பவர் கையெழுத்து போதும் என்று சேவையார் தொடங்கிவிடுகிறார்கள். வீடு பல புள்ளிகளுக்கு (திருமணமான குடும்பங்களுக்கு) பொது, பெட்டகமும் பொது. என்னென்ன ஏடு, எது எந்தப் பிரிவு என்ற பட்டியலைப் பங்காளிகள் எல்லோருக்கும் அனுப்பி, ஒரு மாதம் தவணை கொடுத்து, மறுப்பு வந்தவற்றை ஒதுக்கி வைத்துவிட்டு மற்றவற்றைத் தொடங்கலாம். முன்னோரை வணங்க எல்லோரும் கூடும் படைப்பு நாள் இதற்கு வசதி. பெண்வழி வாரிசுகளையும் கேளுங்கள். கடிதங்கள் பெரும்பாலும் அவர்கள் அம்மா, ஆத்தாவைப் பற்றியவை.

கையெழுத்துப் போடும் முன் எழுதிச் சேர்க்கச் சொல்ல வேண்டியவை இவை. மூலப்படங்கள் முழுதும் குடும்பத்திடம் வர வேண்டும். சேவையார் வைத்துக்கொள்ளும் பிரதி குறித்த நாளுக்குள் அழிக்கப்பட்டதாக எழுத்தில் தர வேண்டும். வெளியிடும் ஒவ்வொன்றும் பிரிவுவாரியாகத் தனி இசைவோடு மட்டுமே. யாரேனும் ஆட்சேபித்தால் 7 நாளுக்குள் படத்தை மறைத்துவிட்டு விசாரிக்க வேண்டும். நீக்கியதற்கான காரணம் பட்டியலில் நிற்க வேண்டும், ஆவணம் இருந்த சுவடே அழியக் கூடாது. சேவை மூடப்பட்டால் இணையதளத்தில் உள்ளவை எங்கே போகும் என்பதும் இப்போதே முடிவாக வேண்டும். இவற்றில் மூலப்படம் தரும் விதியையும் முத்திரை எழுத்தையும் பேசித் திருத்தக் கொஞ்சம் இறங்கி வருகிறார்கள். ஆட்சேப விதியில் இன்னும் பிடிகொடுக்கவில்லை, அதை விட்டுக்கொடுக்காதீர்கள்.

யாரும் பயன்படுத்த முன்கூட்டியே அனுமதி தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடலாமா என்று கேட்பார்கள். திறந்த பிரிவுக்கு அது சரி. ஒருமுறை கொடுத்துவிட்டால் திரும்பப் பெற முடியாத உரிமம் அது என்பதால், சந்தேகமுள்ள எதையும் அதில் சேர்க்க வேண்டாம்.

அறிவைப் பொதுவாக்குவது இணையத்தில் ஏற்றுவதோடு முடிவதும் இல்லை. 72 மெகாபைட் படத்தைக் கல்லல் பக்கத்துப் பள்ளிப் பிள்ளை கைபேசியில் திறக்க முடியாது. பக்கத்துக்கு 200, 300 கிலோபைட்டில் ஒரு வாசிப்புப் பிரதி, தமிழில் ஒரு பக்க முன்னுரை, பெயர் அட்டவணை மூன்றும் சேர்ந்து இருக்கட்டும். அழகப்பா பல்கலைக்கழக நூலகம், புதுக்கோட்டை ஞானாலயா, சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் போன்ற இடங்களில் பிரதி வைக்க முடியுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள்.

படம் எடுத்தாயிற்றே என்று மூல ஏடுகளைப் பழைய பேப்பர் கடைக்கோ பழம்பொருள் கடைக்கோ போடும் எண்ணம் எழும். முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்குவதற்கு ஆள் உண்டு. வெளிநாட்டுச் சேகரிப்பாளருக்கு அனுப்புவது பற்றிச் சட்டம் தெளிவாகவே இருக்கிறது: வரலாற்று மதிப்புள்ள, 75 ஆண்டுக்குக் குறையாத கையெழுத்து ஆவணம் 1972 தொல்பொருள் சட்டத்தின் கீழ் வரும், தனியார் ஏற்றுமதி செய்யக் கூடாது. தாளின் நீர்க்குறி, மையின் அடர்த்தி, தையல், இரண்டாம் கை எழுதிய இடம் எல்லாம் ஏட்டில்தான் தெரியும். இடம் இல்லாவிட்டால் படத்தோடு ஏட்டையும் நூலகத்துக்கே கொடுத்துவிடலாம்.

சரக்கை வாங்கிக்கொள்ளும் நாளில் ஏட்டுக்கு 20 படம் எதேச்சையாக எடுத்து, முழு அளவுக்குப் பெரிதாக்கி, மூல ஏட்டைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். விளிம்பு எழுத்து வெட்டுப்பட்டிருக்கிறதா, பக்க வரிசை சரியா, பட்டியலில் சொன்ன எண்ணிக்கை வட்டில் இருக்கிறதா என்று பார்த்த பிறகே மீதிப்பணம். வேறொரு கணினியிலும் திறந்து பாருங்கள்.

நாள் குறிப்பதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகை வேண்டாம். மழைக்காற்றில் தாள் ஈரம் குடித்து ஒட்டிக்கொள்ளும், மடிப்புகள் பிரிக்கும்போதே கிழியும். தை பிறந்த பின் அழையுங்கள். அதற்குள் பங்காளிகளுக்குப் பட்டியலை அனுப்பிப் பதில் வாங்கிவிட நேரம் இருக்கும்.